கருட சேவைக்கு ஐம்பத்து மூன்று நாள்

8 மார்ச் 1971, திங்கள்

இன்றிலிருந்து தினமும் எழுத வேண்டுமாம். பஜார் தெருவில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டாக்டர் ஜெயராஜின் உத்தரவு. "எத்தனை மணிக்கு எழுந்தீங்க, இன்னா சாப்பிட்டீங்க, எவ்ளோ தூரம் நடந்தீங்க, எல்லாம் எழுதிக்கினு வாங்க சாமி. உங்க வாயை நம்பமாட்டேன். நோட்டைத்தான் நம்புவேன்."

சரி. ஐந்தரைக்கு எழுந்தேன். காய்ச்சி ஆறின தண்ணீர் இரண்டு டம்ளர். பசும்பாலில் அரைத்த கீழாநெல்லி, நெல்லிக்காய் அளவு. எட்டு மணிக்குக் கஞ்சி. பத்து மணிக்குக் கரும்புச் சாறு. எண்ணெய் கிடையாது, நெய் கிடையாது, ஆத்துக்காரி பங்கஜத்தின் பருப்புத் தொகையலும் கிடையாது.

காமாலை வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. கண்ணில் மஞ்சள் பாதி இறங்கியிருக்கிறது. வயது நாற்பத்து மூன்று. ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. இப்போது மெடிக்கல் லீவு. உற்சவ நாட்களில் ஸ்ரீபாதம்தாங்கி, அதாவது பெருமாளைத் தோளில் ஏளப்பண்ணுகிறவர்களில் ஒருத்தன். இதெல்லாம் டாக்டருக்கே தெரியும். பின்னே யாருக்கு எழுதுகிறேன்?

சித்திரைப் பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு இன்னும் ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது. "அதுக்குள்ள தேறிடுவேனா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே, "முதல்ல நடங்க" என்றார்.

9 மார்ச்

அடுத்த ஆத்தில் அப்பளம் பொரித்தார்கள். அந்த வாசனை தாங்காமல் தெருமுனை வரைக்கும் போய் நின்றேன். நடந்தது அவ்வளவுதான்.

12 மார்ச், வெள்ளி

இன்று காக்களூர் ஏரிப் பக்கம் போனேன். அரை மைல் இருக்கும். ஆறு மணி வெயில் தோளில் விழுந்தால் கனமே இல்லை. யாரோ ஈரத் துணியைப் பிழிந்து உலர்த்தின மாதிரி இருக்கிறது. சாலையோரப் புங்க மரமெல்லாம் இலை உதிர்த்து இப்போதுதான் துளிர்த்திருக்கிறது. அந்தத் துளிருக்கு ஒரு மினுமினுப்பு. பச்சை என்று சொல்ல முடியாது, வெளிச்சத்துக்கே இலை முளைத்தாற்போல. இத்தனை வருஷம் இந்தப் பாதையில் சைக்கிளில் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் புங்கமரம் துளிர்க்கவில்லையா?

கரையோரம் ஒரு பம்ப்செட். நவரைப் பட்டத்து நெல் நடவு. காமாலை நமைச்சலில் தோலைத் தேய்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துப் பம்ப்செட்காரர் கூப்பிட்டார். அரசப்பன் என்று பெயர். என் வயசுதான் இருக்கும்.

"இன்னா சாமி, கண்ணு மஞ்சளா கீதே. இப்டி வந்து குந்துங்க, நெழல்ல."

உட்கார்ந்தேன். பம்ப்புத் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தத்தில் எனக்குக் கண் சொக்கியது. வரப்பிலேயே கீழாநெல்லியைப் பிடுங்கி, வேரோடு கழுவிக் கொடுத்தார். டாக்டர் நோட்டில் எழுதினால் திட்டுவாரோ? எழுதிவிட்டேன்.

15 மார்ச்

மத்தியானம் இரண்டு மணி நேரம் கட்டாயத் தூக்கம். இந்தத் தூக்கத்துக்குத்தான் பயப்படுகிறேன். கனவில் வீதி முழுக்க முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். வாகனத் தண்டு தோளில் இருக்கிறது, ஆனால் கனம் இல்லை. முன்னால் ராமபத்ரன். நாங்கள் நடக்கவே இல்லை, தண்ணீர்தான் எங்களைக் கொண்டுபோகிறது. விழித்தபோது வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராமபத்ரன் எனக்கு முன்தண்டு. பதினாறு வருஷமாக அவன் பின்கழுத்தைப் பார்த்துத்தான் நடக்கிறேன். அங்கே ஒரு மச்சம், அதற்குக் கீழே இரண்டு கோடு. இருவருக்கும் ஒரே உயரம், அதனால்தான் ஜோடி சேர்த்தார்கள். அரையங்குலம் வித்தியாசம் இருந்தாலும் பெருமாள் சாய்ந்துவிடுவார்.

19 மார்ச்

எடை பார்த்தேன். ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன். தோள்மேல் இருந்த காய்ப்பு மெத்தென்று ஆகிவிட்டது. இருபது வருஷக் காய்ப்பு. பங்கஜம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நடை: முக்கால் மைல். தூக்கம்: நன்றாக. நமைச்சல்: கொஞ்சம். கஞ்சியில் உப்பு போட அனுமதி கிடைத்தது. அமிர்தம்.

20 மார்ச்

நோய் கரைய வேண்டிக்கொண்டு பங்கஜம் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்திருக்கிறாள். கேட்டால், "சும்மா போனேன்" என்கிறாள். விரலெல்லாம் பிசுக்கு.

27 மார்ச், சனி

தெலுங்கு வருஷப் பிறப்பு. எதிர் வீட்டு நாயுடு பச்சடி கொடுத்தனுப்பினார். வேப்பம்பூ, வெல்லம், மாங்காய். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு முதலில் வந்தது, இனிப்பு அதற்குப் பிறகு தயங்கித் தயங்கி வந்தது. ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது.

அரசப்பன் இன்று ஒரு கேள்வி கேட்டார். "நீங்க தூக்குறீங்களே, அந்தப் பெருமாளு எவ்ளோ கனம் சாமி?"

வாகனம், தண்டு, நகை, குடை, பட்டர்கள், எல்லாம் சேர்த்து யாராவது கணக்குப் பார்த்திருப்பார்கள். எனக்குத் தெரியாது. நாலு வீதியும் சுற்றி முடித்து இறக்கின பிறகுதான் கனமே தெரியும் என்றேன். அவர் நாற்றைப் பார்த்துக்கொண்டே, "எம் பொண்ணு கண்ணாலம் கட்டிக்கினு போனப்ப அப்டித்தான் இருந்துச்சு" என்றார்.

பம்ப்புத் தண்ணீரை அவர் செம்பிலேயே வாங்கிக் குடித்தேன். காய்ச்சாத தண்ணீர். இதை நோட்டில் எழுதியிருக்கக் கூடாது.

2 ஏப்ரல், வெள்ளி

டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "நல்லாத் தெளிஞ்சிருக்கு. ஆனா ஈரல் இன்னும் விரல்ல தட்டுது. ஆவணி வரைக்கும் பளு தூக்கக் கூடாது. குடம்கூட."

"கருட சேவை…"

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல சாமி."

திரும்பும்போது சந்நிதித் தெருவில் ராமபத்ரனைப் பார்த்தேன். "வந்துடுவியோன்னோ கிச்சா? இல்லேன்னா காஞ்சீபுரத்துலேர்ந்து ஒருத்தனை வரவழைக்கணும்னு கோயில்ல சொல்றா. உயரம் சரியா இருக்கான்னு தெரியாது."

"வந்துடறேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

5 ஏப்ரல், திங்கள்

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அரசப்பனின் கால்வாயைத் தாண்ட ஒரு பனந்துண்டு போட்டிருக்கிறார்கள். எட்டடி நீளம். அவர் மோட்டாரை நிறுத்த உள்ளே போனார். நான் அதைத் தூக்கித் தோளில் வைத்தேன். ஏன்? பார்க்கணும்னு தோணித்து, வேற என்ன! தோள் அதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டது. காலும்தான். வரப்பின்மேல் அந்த நடை, குதிகால் படாத நடை, தானாகவே வந்தது. எட்டு, ஒன்பது, பத்து. புங்கம்பூ உதிர்ந்து கிடந்த இடம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை மெல்லப் பெரிதாகி வயல், வானம் எல்லாவற்றையும் மூடியது. பயமே இல்லை. சுகமாகக்கூட இருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

கண் திறந்தபோது அரசப்பன் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் மணியம்மாள், "இன்னாய்யா இது, ஊட்டுல பொம்பள ஒருத்தி உசுரக் கையில புடிச்சிக்கினு குந்தியிருப்பா, நீ கட்டையத் தூக்கிப் பாக்கிறியா?" என்று கத்தினாள். சாமி கீமி எல்லாம் போய்விட்டது. நியாயம்தான்.

மாட்டு வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். பங்கஜம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள். பனஞ்சிராய் கீறின ரத்தம். புரிந்துகொண்டாள்.

6 ஏப்ரல்

கண்ணில் மறுபடி மஞ்சள். டாக்டர் நோட்டை வாங்கிப் படித்தார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

8 ஏப்ரல், வியாழன்

மூன்று நாளாகப் பங்கஜம் பேசவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி, கீழாநெல்லி, வெந்நீர், எல்லாம் வருகிறது. வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இன்று நானே கேட்டேன். "ஏதாவது சொல்லேன்."

அப்போதும் திரும்பவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பெருமாளுக்குத் தோள் கிடைக்கும். நூறு கிடைக்கும். எனக்கு?"

அதற்குப் பிறகு களைந்த தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி களைந்தாள். நாலாவது தடவை. அரிசியே கரைஞ்சு போயிடும்டீ என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

14 ஏப்ரல், புதன்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூச் சாத்துமது, ரசம்தான், பூவை நெய்யில் வறுக்காமல் வெறும் வாணலியில் வறுத்தது. பங்கஜம் எதிரே உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை பார்த்தாள். "கசக்கறதா?" என்றாள். ஆறு நாளைக்குப் பிறகு தானாகக் கேட்ட முதல் கேள்வி.

நாள் முழுக்க யோசித்தேன். மயக்கம் வரப்பில் வந்தது. மேற்கு மாட வீதித் திருப்பத்தில் வந்திருந்தால்? என் தோள் மட்டும் சரியாது. முதலில் ராமபத்ரன் சாய்வான், அவனோடு நாலு பேர், மேலே பட்டர், குடைக்காரர்… அதற்குமேல் நினைக்க மனசு மறுத்தது. பெருமாளைத் தூக்க ஆசைப்பட்டேனா, தூக்குகிறவன் என்று பேர் வாங்க ஆசைப்பட்டேனா?

18 ஏப்ரல், ஞாயிறு

ராமபத்ரன் ஆத்துக்கு நடந்தே போனேன். "காஞ்சீபுரத்துக்காரனை வரச் சொல்லு" என்றேன்.

அவன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டான். கோபமாகத்தான் பேசினான்.

"பதினாறு வருஷத்துல ஒரு தடவையாவது நான் திரும்பிப் பார்த்திருக்கேனாடா? பின்னாடி நீ இருக்கேங்கற தைரியம். இனிமே திரும்பித் திரும்பிப் பார்த்துண்டு நடக்கணும்."

வெளியே வந்தேன். அவனும் தெருமுனை வரை கூட வந்தான், பக்கத்தில். பக்கத்தில் நடந்து பழக்கமில்லாததால் இருவரும் இரண்டு முறை இடித்துக்கொண்டோம்.

19 ஏப்ரல்

நடை: ஒரு மைல். தூக்கம்: கனவு இல்லாமல், பத்து மணி நேரம்.

26 ஏப்ரல், திங்கள்

கண் வெளுத்துவிட்டது. மோர் சாப்பிடலாம். அரசப்பனின் நெற்கதிரெல்லாம் பால் பிடித்திருக்கிறது. ஒரு மணியைக் கிள்ளிக் காட்டினார், வெள்ளையாகக் கசிந்தது. பனந்துண்டை அங்கிருந்து எடுத்துவிட்டுப் பலகை போட்டிருக்கிறார்கள். "எம் பொண்டாட்டி சொல்லிச்சு, எடுத்துட்டேன்" என்றார் மணியம்மாளைக் காட்டி. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

30 ஏப்ரல், வெள்ளி

கருட சேவை.

விடிவதற்குள் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, வீதியில் பங்கஜத்தோடு நின்றேன். கூட்டத்தில் நிற்கத் தெரியவில்லை எனக்கு. யார் யாரோ இடித்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

முதலில் நாதஸ்வரம். பிறகு கோபுர வாசலில் தீவட்டிப் புகை. புகைக்கு நடுவே கருடனின் இறக்கை நுனி, அதற்கப்புறம் குடை, அதற்கப்புறம் அவர். இருபத்திரண்டு வயசிலிருந்து தூக்குகிறேன். கோயிலுக்குள் தினம் சேவிக்கிறேன். ஆனால் விடியற்கால வெளிச்சத்தில், கருடன்மேல் மிதந்து எதிரே வருகிற அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கீழே இருப்பவனுக்குத் தெரிவது முன்னால் போகிறவன் கழுத்தும், பத்தடி வீதியும்தான். இவர் இப்படியா வருவார், அசைந்து அசைந்து, ஏதோ ஞாபகம் வந்து சிரித்தாற்போல?

ஒவ்வொரு அடிக்கும் என் வலது தோள் தானாகத் தாழ்ந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. காஞ்சீபுரத்துக்காரன் நன்றாகத்தான் நடந்தான். உயரம் சரியாகவே இருந்தது. அதற்கும் கொஞ்சம் அழுதேன் என்று நினைக்கிறேன்.

வாகனம் கடந்துபோன பிறகு திரும்பினால் பங்கஜமும் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தான்னா நான் கருட சேவை சேவிக்கிறேன்."

"இன்னிக்குத்தானா? வருஷா வருஷம் இங்கதானே நிக்கறே?"

"நிப்பேன். நான் எங்கே பெருமாளைப் பார்த்தேன்? உங்க முழங்காலைத்தான் பார்த்துண்டு நிப்பேன், நடுங்கறதோன்னு."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். ஒரே வீதி. இரண்டு பேரும் பார்க்கவே இல்லை.

3 மே

லீவு முடிந்தது. பார்சல் ஆபீசில் உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூட்டை எதையும் தொடவிடவில்லை. மத்தியானச் சாப்பாடு: மோர் சாதம், கொஞ்சம் பருப்புத் தொகையல்.

9 மே, ஞாயிறு

டாக்டர் நோட்டை மூடிக் கொடுத்தார். "இனிமே எழுத வேணாம். ஆவணிக்கு மேல தூக்கலாம், உங்க இஷ்டம்" என்றார். இஷ்டம் என்ன என்று யோசிக்க ஆவணி வரை நேரம் இருக்கிறது.

இருந்தாலும் இதை எழுதிவிடுகிறேன். இன்று காலை நடக்கக் கிளம்பியபோது பங்கஜம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நானும் வரேன்" என்று படி இறங்கினாள். ஏரிக்கரை வரை போனோம். இத்தனை வருஷமாக அவள் இவ்வளவு வேகமாக நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. பத்தடி, இருபதடி முன்னால் போய்விட்டாள்.

"மெதுவாப் போயேன்" என்று கூப்பிட்டேன். அவள் சிரித்தாள், நிற்கவில்லை.