வேப்பிலை கட்டிய வீடு

வடுகபட்டி,
14.3.1999

மாமாவுக்கு,

நலம். கடமலைக்குண்டில் தட்டம்மைக் கணக்கெடுப்பு எப்படிப் போகிறது என்று கேட்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் பாதி அதுதானே, மீதிப் பாதி உங்களோடு கணக்கெடுக்கும் தேவயானி. ஒரு நோயாளி எத்தனை பேருக்குக் கொடுக்கிறார், அது ஒன்றுக்குக் கீழே இறங்கினால் நோய் தானே அடங்கிவிடும் என்ற உங்கள் கணக்கை அவள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாளாம். கெட்டிக்காரிதான்.

நம் தெருவுக்கும் கணக்கெடுக்க அவள் வருகிறாள் என்று தெரிந்ததும், யாருக்கும் அம்மை இல்லாமலே வாசலில் வேப்பிலை கட்டினேன். அம்மை கண்ட வீட்டுக்குள் அந்நியர் யார் நுழைவார்? அவள் நேராக வந்தாள். அவள் தேடுவதே வேப்பிலை கட்டிய வீடுகளைத்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"அக்கா, ரெண்டு வாரமா இங்கன யாரெல்லாம் வந்து போனாக?"

"யாரும் வரல. என் வீட்டுக்காரரே வந்து ரெண்டு மாசமாச்சு. உனக்குத் தெரியாதாக்கும்?" என்றேன் வெடுக்கென்று.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "சனிக்கிழமையானா சார் வீட்டுக்குத்தானக்கா கிளம்பிப் போறாக?"

அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

யார் யாரைப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுவதுதானே உங்கள் வேலை? சனி, ஞாயிறு நீங்கள் யாரைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

வேப்பிலை இன்னும் வாசலில்தான் தொங்குகிறது. இனி அது உங்களுக்காக.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் வராத வீட்டுக்காரி