அறுநூறு செங்கல்

மார்ச் 3, செவ்வாய்

செங்கல் வந்து இறங்கிவிட்டது. அறுநூறு. முற்றத்தில் எங்கள் பாதிக்கும் இவருடைய அண்ணன் வீட்டுப் பாதிக்கும் சரியாக நடுவில் அடுக்கச் சொன்னேன். சுவர் அங்கேதான் வரப்போகிறது.

அண்ணன் மனைவியை நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன் — கூப்பிட்ட காலத்தில். பேச்சு நின்று இரண்டு மாதமாகிறது. அவர்கள் துவைக்கிற தண்ணீர் நம் வாசலுக்கு ஓடி வருகிறது, அதனால் சுவர் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே எதற்குப் பொய்? என்னிடம் தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தியிடம் அக்கா, "அவ அவசரக்காரி, அவ போட்ட தையல் நிக்காது" என்று சொல்லியிருக்கிறார். பதினேழு வருடமாக மெஷின் மிதிப்பவளைப் பற்றி! சுவர் எழும்பட்டும். காலையில் எழுந்து அந்த முகத்தில் முழிக்க வேண்டாம்.

மார்ச் 4, புதன்

மேஸ்திரி வரவில்லை.

மார்ச் 7, சனி

இன்னும் வரவில்லை. "நாளைக்கு வந்துடறேம்மா, கண்டிப்பா." அவருடைய நாளைக்கு எந்த நாட்காட்டியில் இருக்கிறதோ!

சும்மா கிடக்கிற கல் சும்மா கிடக்குமா? தையல் மெஷின் ஒரு காலில் ஆடிக்கொண்டே இருந்தது. அரைக்கல்லை அண்டக் கொடுத்தேன். இப்போது அசைவதில்லை. கேட் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்று. தண்ணீர்த் தொட்டி மூடி மேல் ஒன்று. எட்டாத கொடியில் துணி போட ஏறி நிற்க இரண்டு. இவ்வளவு நாள் இந்த வீடு செங்கல் இல்லாமல் எப்படி நடந்தது?

மார்ச் 9, திங்கள்

ஓரத்தில் நான்கு கல்லைக் காணோம். அந்த வீட்டுக்காரியின் வேலைதான் என்று குதித்தேன். இவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நான்தான் குடுத்தேன். அண்ணனுக்கு நெஞ்செரிச்சல். கட்டிலைத் தலைமாட்டுல கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னாராம் டாக்டர். காலுக்கு ரெண்டு ரெண்டு" என்றார்.

படுத்திருக்கிற மனிதனின் கட்டிலுக்கு அடியிலிருந்து எப்படி உருவுவது?

மார்ச் 12, வியாழன்

ஜன்னல் திரை தைக்க வந்த அம்மாள், "செங்கல் கலர் நூலா போடுங்க" என்றார். நூல் கண்டுகளை எடுத்துக்கொண்டு போய் அடுக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இல்லை. ஒன்று ஆரஞ்சு, ஒன்று காவி, ஒன்று கருகியே போயிருக்கிறது. எந்தச் செங்கல்லின் கலர்?

அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா சட்டென்று திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கட்டும், எனக்கென்ன.

மார்ச் 14, சனி

இவருடைய போன் உயிரை விட்டுவிட்டது. கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்து, "இனிமே இது செங்கல்தான் சார்" என்றாராம். "உன் சுவருக்கு ஒண்ணு கூடிடுச்சு" என்று என்னிடம் நீட்டுகிறார். முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

மேஸ்திரி நாளை வருகிறார். சாயங்காலமே கல்லையெல்லாம் நனைத்துவைக்கச் சொன்னார். ஆறு திரை முடித்தாக வேண்டும். எழுதக்கூட நேரமில்லை.

மார்ச் 18, புதன்

நனைக்க மறந்தே போய்விட்டேன்.

விடிந்ததும் அடித்துப் பிடித்து வெளியே ஓடினால், அக்கா புடவையைச் செருகிக்கொண்டு, ஹோஸ் பிடித்து ஒவ்வொரு வரிசையாக நனைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் வாங்கிய கல்லை!

"நீங்க எதுக்கு...?"

"காஞ்ச கல்லுல கட்டினா கலவைத் தண்ணியை எல்லாம் கல்லே குடிச்சிடும். சுவர் நிக்காது. கட்டறதுதான் கட்டறே, ஒழுங்கா கட்டு. அவசரக்காரி."

அந்தச் சொல்லே காதில் சுட்டது. "அதைத்தானே அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்டயும் சொன்னீங்க?"

தண்ணீர் ஒரே கல்லின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. "சொன்னேன். வாய்க்கொழுப்பு. அப்புறம் ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கலை" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுதேன்? தெரியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய் மற்றக் கோடியிலிருந்து நனைக்க ஆரம்பித்தேன். சுவர் வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு வீம்பு, அவருக்கு ரோஷம்.

மேஸ்திரி வந்து மூன்றரை அடி ஏற்றினார். ஒரே நாளில் அதற்கு மேல் கூடாதாம், கீழே இறுக வேண்டுமாம். மிச்சத்துக்கு அடுத்த வாரம் வருவார். அதுவரை இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றிவரச் சொன்னார்.

மார்ச் 19, வியாழன்

இந்தப் பக்கம் நான் ஊற்றினேன். அந்தப் பக்கம் அக்கா.

மார்ச் 21, சனி

இன்று தண்ணீர் ஊற்ற முக்கால் மணி நேரம் ஆனது. சுவர் இருபதடிதான்.

மார்ச் 26, வியாழன்

மேஸ்திரி சொன்ன நாளில் வந்துவிட்டார், அதிசயம்தான். "மேலே எத்தனை அடிம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் அக்கா சுவரில் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார். நானும்தான். அந்த உயரம் அதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

"இது போதும் மேஸ்திரி. மேல பூசி விட்டுடுங்க" என்றேன்.

அக்கா உள்ளே போய் நீலத் துணி ஒன்றைக் கொண்டுவந்து சுவரின் மேலாக என்னிடம் நீட்டினார். இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் தைக்கக் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு ஜன்னலுக்குத் திரை. எப்போ குடுப்பே?"

"நாளைக்கே" என்று வாய் வரைக்கும் வந்தது.

"அடுத்த வாரம்" என்றேன்.