எல்சி அன்ரியின் வான்கோழி

20 டிசம்பர் 1976, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் சுடுகிறது. பிள்ளையார் கதையை நாள்தோறும் வாசிக்கும் பெருங்கதை விரதம், இன்று பதினான்காம் நாள். ஒரு நேரச் சாப்பாடு: பச்சரிசிச் சோறு, பருப்பு, தயிர். கையில் கட்டிய காப்பு நூல் அழுக்காகிவிட்டது. இருபத்தொன்றாம் நாள் வரை அவிழ்க்கக் கூடாது. இவருக்கு மின்நிலையத்தில் இரவு வேலை, பகலில் நித்திரை. சட்டிபானைச் சத்தம் வராமல் சமைத்தேன்.

பக்கத்து வீட்டு எல்சி அன்ரி வேலியடியில் கூப்பிட்டார். எழுபத்து நான்கு வயது, தனி ஆள். ஒக்டோபரில் பின்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்தாயிற்று, ஆனால் பாரம் தூக்க ஏலாது. பிறிஸ்பேனில் இருக்கும் மகன் கீத் நத்தாருக்கு வருகிறாராம், கிறிஸ்மஸ் விருந்துக்கு. வருவது விருந்துக்கு மட்டுமில்லை. அம்மா தனியே இருக்கலாமா, இல்லை வீட்டை விற்று முதியோர் விடுதியில் விடுவதா என்று பார்க்க.

“ஒரு முழு வான்கோழியை வாட்டி மேசையிலை வைச்சனெண்டால் அவன் வாயை மூடுவான், லவ். கை மட்டும் உன்ரை. மூளை என்ரை.”

(அன்ரி பேசுவது இங்கிலீஷ். எழுதும்போது எங்கள் பேச்சாகத்தான் வருகிறது. ‘லவ்’ மட்டும் மாற மாட்டேன் என்கிறது.)

பிறந்ததிலிருந்து மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை. விரத நாள் வேறு. ஆனாலும் ஓம் என்றேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் கிழமை அன்ரி வீட்டில் தேத்தண்ணி குடிக்கத் தயங்கினேன். மறுநாள் புதுச் சட்டி ஒன்று வாங்கி, பிடியில் நீல நூல் கட்டி வைத்திருந்தார். “இதிலை மச்சம் விழாது. உன்ரை சட்டி.” மூன்று வருடமாய் அந்த நூல் அப்படியே.

அவரிடம் ஏலாது என்று எப்படிச் சொல்வது.

22, புதன்

அன்ரி சொன்ன முறை, சொல்லச் சொல்ல எழுதியது:
ஐஸ் முழுக்கக் கரைய வேண்டும்.
உள்ளே ஒரு பை இருக்கும், எடுத்துவிட வேண்டும். (என்ன பை என்று கேட்கவில்லை.)
கழுவி, ஒற்றித் துடைத்து, உப்பு.
பாண் ரொட்டித் துகள், வெங்காயம், சேஜ் வாசனை இலை, பட்டர் பிசைந்து உள்ளே அடைக்க.
தோலை உரிக்கக் கூடாது. மேலே பட்டர்.
வெள்ளித்தாளால் மூடி, றாத்தலுக்கு இருபது நிமிடம். கடைசி அரை மணி திறந்து.

பதின்மூன்று றாத்தல் × 20 = நாலு மணி இருபது நிமிடம். ஒரு மணிக்குச் சாப்பாடு. எட்டரைக்கு முன் அவண் அடுப்பில் போக வேண்டும்.

“நான் மணத்தைக் கொண்டு பதம் பார்க்க மாட்டன், மணிக்கூட்டைத்தான் பார்ப்பன்” என்றார். மூக்கில் மணம் பிடிபடாமல் போய்ப் பத்து வருடம். “அதாலைதான் உன்ரை பெருங்காயத்தோடை சமாளிக்கிறன்.” இரண்டு பேரும் சிரித்தோம்.

கதை வாசிக்க மூன்றரை ஆகிவிட்டது. பிள்ளையார் பொறுக்க வேண்டும்.

23, வியாழன்

அன்ரியின் ஃபிறிஜ் இரவோடு நின்றுவிட்டது. திருத்துகிறவன் புது வருடத்துக்குப் பிறகுதான் வருவானாம். பாலும் பட்டரும் சின்ன ஐஸ் பெட்டிக்குள். இறைச்சிக்கடைக்காரர் வான்கோழியைக் கொண்டுவந்தார். கல்லு மாதிரி.

“உன்ரை ஃபிறிஜ்ஜிலை வைச்சிடு, லவ். சனி காலமை எடுத்துக்கொண்டு வா. அவ்வளவுதான்.”

“ஓம்” என்றேன்.

கொண்டுவந்து எங்கள் குசினியில் நின்றேன். ஃபிறிஜ்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில் சாமிப் பால், தயிர், மோதகத்துக்குத் தேங்காய். மேல் தட்டு காலி. தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. விரதப் பாலுக்கு மேலே ஒரு செத்த உடம்பு. முடியவில்லை.

பின்வளவில் உடுப்புத் தோய்க்கும் கொட்டில். அங்கே சீமெந்துத் தொட்டியில் வைத்து, நனைத்த சாக்கால் மூடினேன். இந்தக் கல்லுக்கு ஐஸ் கரையவே இரண்டு நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். தலைக்கு முழுகிவிட்டு விளக்கேற்றினேன்.

24, வெள்ளி

முப்பத்தெட்டுப் பாகை என்று ரேடியோவில் சொன்னார்கள். கொட்டிலின் தகரக் கூரையில் கை வைக்க ஏலாது. பத்து மணிக்குச் சாக்கு காய்ந்துவிட்டது, நனைத்தேன். இரண்டு மணிக்கும். ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. நல்லது, அன்ரி சொன்னபடிதான்.

இவருக்கு நாளை இரட்டை வேலை. மற்ற எல்லாருக்கும் நத்தார் லீவு.

“வான்கோழி என்னமாதிரி?” என்று இவர் வேலைக்குப் போகும்போது கேட்டார்.

“ஐஸ் கரைஞ்சு கிடக்குது” என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

25, சனி

இருந்து எழுத முடியவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

காலை ஆறு மணிக்குப் போய்ச் சாக்கை எடுத்தேன். ஒரு மணம். தோலில் வழுவழுப்பு. மச்சம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்படித் தெரியும். இதையா இவ்வளவு ஆசையாய்ச் சாப்பிடுகிறார்கள் என்றும் நினைத்தேன். பிறகு, விரத நாளில் பிறருடைய சாப்பாட்டைப் பழிக்கக் கூடாது என்று மனதை அடக்கினேன். மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று தண்ணீரில் கழுவினேன்.

அன்ரி குசினி வாசலில்: “ஃபிறிஜ்ஜிலை சுகமாப் படுத்திருந்ததோ?”

“ஓம்.”

அன்ரிக்குச் சொன்ன பொய்யான ஓம், இது இரண்டாம் தரம்.

அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்லச் செய்தேன். பட்டர் பூசினேன். எட்டு இருபதுக்கு அவணில் வைத்தேன். வீடெல்லாம் சேஜ் வாசமும் வெங்காய வாசமும். காலையில் வந்த மணம் போய்விட்டது, நெருப்பு எல்லாவற்றையும் சுத்தமாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். கடைசி அரை மணி வெள்ளித்தாளை எடுத்தபோது தேன் நிறத்தில் மினுமினுத்தது. அன்ரி கை தட்டினார். “என்ரை அம்மாகூட இப்படி வாட்டினதில்லை.”

கீத் பன்னிரண்டரைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான ஆள். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை, பின்படி, குளியலறை, காஸ் அடுப்பு. மேசையில் வான்கோழியைக் கண்டதும் நின்றார்.

“மம், இதை நீங்களோ செய்தீங்கள்?”

“பக்கத்து வீட்டுப் பிள்ளை தூக்கித் தந்தது. மற்றதெல்லாம் நான்.”

நத்தார் மேசையில் போடும் கடதாசிக் கிரீடத்தை மூன்று பேரும் போட்டுக்கொண்டோம். எனக்கு உருளைக்கிழங்கும் அவரைக்காயும், என் நீல நூல் சட்டியில் அவித்தது. கீத் கத்தியைத் தீட்டித் தொடையடியில் வெட்டினார். அந்த மணம் வெளியே வந்தது. காலையில் வந்த அதே மணம், பத்து மடங்கு.

கீத் கத்தியை வைத்துவிட்டு யன்னலைத் திறந்தார்.

“மம். இது எவ்வளவு நேரம் வெளியிலை கிடந்தது?”

அன்ரிக்கு விளங்கவில்லை. “வெளியிலையோ?” என்று என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ. நான் சோற்றுக் கோப்பையை, இல்லை, கிழங்குக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தால் என்ன சொல்வது? உன் அம்மாவின் நத்தார்ச் சாப்பாடு என் ஃபிறிஜ்ஜில் வைக்கத் தகாதது என்று அவர் மேசையில் இருந்தே சொல்வதா? எனக்காக ஒரு சட்டியில் நூல் கட்டிய மனுஷிக்கு முன்னாலேயா?

“என்ரை பிழை” என்றார் அன்ரி. “ஃபிறிஜ் நிண்டு போச்சு. மேசையிலை வைச்சனான், மறந்து போனன்.”

“எப்ப தொடக்கம்?”

“வியாழனாக்கும்.”

கீத் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. “சரி மம், பரவாயில்லை” என்று மெல்லச் சொன்னார், நினைவு தப்பிய வருத்தக்காரரிடம் பேசுவது மாதிரி. கிரீடத்தைக் கழற்றினார். வான்கோழியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போனார்.

மேசைக்குக் கீழே அன்ரி என் கையைப் பிடித்து அழுத்தினார். காப்பு நூல் கட்டிய கை.

26, ஞாயிறு

கதை வாசித்தேன், ஒரு வரியும் ஏறவில்லை. உடுப்புக் காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம்:

“இண்டைக்கு வான்கோழி. நாளைக்குக் காஸை மறப்பீங்கள், மம்.”

“ஒருக்கால்தானே கீத்.”

“ஒருக்காலே போதும்.”

ஈர வேட்டியைப் பிழிந்தபடியே நின்றேன்.

இவர் எழும்பியதும் எல்லாம் சொன்னேன். தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார். “அந்தத் தொட்டியிலையோ? தகரக் கொட்டிலுக்குள்ளையோ? என்னை ஒருக்கால் கூப்பிட்டு மணக்கச் சொல்லியிருக்கலாமே. நான் வெளியிலை மச்சம் சாப்பிடுறது உமக்குத் தெரியும்தானே.”

“நீங்கள் வேலையிலை.”

“சரி. இருபது நாள் ஒரு நேரம் சாப்பிட்டு இருந்தனீர். ஒரு வசனம் சொல்ல ஏலாதோ?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கே போயிருக்கலாம்.

27, திங்கள்

இருபத்தொன்றாம் நாள். மோதகம் இருபத்தொன்று. இலையில் வைத்துக் கும்பிட்டு, பதினொன்றை எடுத்துக்கொண்டு போனேன். கீத் முன் அறையை நாடாவால் அளந்துகொண்டிருந்தார்.

சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். அன்ரி ஃபிறிஜ்ஜில் வைக்கச் சொன்னார், நான் வைக்கவில்லை, தோய்க்கிற தொட்டியில் வைத்தேன், அன்ரி ஒன்றையும் மறக்கவில்லை. கீத் முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார், நல்ல சிரிப்பு.

“அம்மாவுக்கு நல்ல அயல் கிடைச்சிருக்கு, மிஸிஸ் நாதன். அவவுக்காகச் சொல்லுறீங்கள், விளங்குது.”

“இல்லை, உண்மை.”

“உங்கடை ஃபிறிஜ் பழுதோ?”

“இல்லை.”

“இடம் இல்லையோ?”

“இருந்தது.”

“அப்ப ஆர் வான்கோழியை உடுப்புத் தோய்க்கிற தொட்டியிலை வைப்பினம்?”

சாமிக்கு வைத்த பால் என்று தொடங்கினேன். விரதம் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் வந்தது பட்டினி மட்டும்தான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பவும் நாடாவை விரித்தார்.

அன்ரி குசினியில் மோதகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

“நம்பேல்லை” என்றேன்.

“சனிக்கிழமை சொல்லியிருந்தால் நம்பியிருப்பான், லவ்.”

கோபமாய்ச் சொல்லவில்லை. உள்ளது அதுதான்.

“நீங்கள் ஏன் உங்கடை பிழையெண்டு சொன்னீங்கள்?”

“உன்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் போச்சு.” இன்னொரு மோதகம் எடுத்தார். “இதுக்குள்ளை தேங்காயோ?”

காப்பு அவிழ்க்க வேண்டிய நாள். அவிழ்த்தேன். மணிக்கட்டில் வெள்ளைக் கோடு.

28, செவ்வாய்

இரவு சின்ன மழை. கீத் விடியப்புறம் காரில் போய்விட்டார். வீடு விற்கிற ஏஜென்ட் ஜனவரி இரண்டாம் கிழமை வருவாராம். அன்ரி முன்வளவு ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், மழை பெய்த பிறகும்.

அன்ரியின் ஐஸ் பெட்டியில் ஐஸ் இல்லை. பால் அரைப் போத்தல், பட்டர், கீத் வாங்கி வைத்த ஹாம் (பன்றி இறைச்சி) துண்டு ஒன்று. மூன்றையும் ஓலைக் கடகத்தில் போட்டேன்.

“ஹாமையுமோ? உன்ரை சாமிப் பாலோடையோ, லவ்?”

“இடம் இருக்கு அன்ரி.”

மேல் தட்டில் வைத்தேன். வியாழக்கிழமையும் அது காலியாகத்தான் கிடந்தது.