வரிசையில் உன் வீடு

இன்று காலை கணினித் திரையில் உன் வீட்டைக் காணவில்லை. மேலும் கீழும் தேடினேன். இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த நம் தோட்டத்து வீடுகள் எல்லாம் இருந்தன. உன் வீடு மட்டும் இல்லை.

நாளை மறுநாள் தீபாவளி. எல்லாரும் சேர்ந்து ஆடு வாங்கிப் பிரித்துக்கொள்ளும் பங்குக்கறி இப்போதும் போடுகிறோம். நீ கண்ணை மூடியபின் அந்த வேலை என் தலையில் விழுந்தது. “கம்ப்யூட்டர்ல ஆடு வெட்ட முடியுமா லா?” என்று என்னைக் கிண்டல் செய்வாய். வெட்ட முடியாதுதான். பங்கு பிரிக்கலாம். பைத்தான் என்ற நிரல்மொழியில் அகராதி என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் வீட்டின் பெயர், எதிரில் அதன் பங்கு. ஒரே வரி எழுதினால் போதும், எல்லா வீட்டுக்கும் போய் வந்து பங்கைக் குறித்துக் கொடுத்துவிடும்.

உன் மனைவி நேற்று, “இந்த வருசம் எங்களுக்கு ஒன்னும் வேணாண்ணே” என்றாள். துக்க வீடாயிற்றே என்று, ‘துக்கம் இல்லையென்றால்’ என்ற நிபந்தனையை வரியின் கடைசியில் சேர்த்தேன். அங்கே வைத்தால் அது வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. பொருந்தாத வீட்டை உள்ளேயே விடாது. சேர்த்தபோது அது எனக்கு உறைக்கவில்லை.

திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, ஜெராம் பக்கத்து நம் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு தீபாவளி. என் அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் வாழையிலைகளை வரிசையாகப் பரப்பி, வீட்டுக்கு ஓர் இலையாக நீ கறியைக் கூறு போட்டுக்கொண்டிருந்தாய். நான் தள்ளி நின்றேன்.

“அது துக்க வூடுப்பா. அவங்க எலய எடுத்துடு” என்றார் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மாவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

நீ நிமிரக்கூட இல்லை. “எல கெடக்கட்டும் மாமா. கறி வேணாம்னா வேற வைப்போம். வூட்ட எதுக்கு எடுக்கணும்?” என்றாய்.

எங்கள் இலை வெறுமையாகவே வரிசையில் கிடந்தது. நீ கையைக் கழுவிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை செம்பிலாங் மீனவர் கிராமத்துக்குப் போனாய். திரும்பி வரும்போது பையில் வவ்வால் மீன். அந்த இலையிலேயே வைத்து மடித்து என் கையில் திணித்தாய்.

“மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்காதடா. மீனு கெட்டுப் போவும்.”

அப்பா போனதிலிருந்து அம்மா அடுப்படிப் பக்கமே சரியாக வரவில்லை. அக்கம்பக்கத்தார் கொடுத்ததைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இலையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, “கறி இல்லயே, மீனுதானே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “புளி இருக்கான்னு பாருடா” என்றார். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அதை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் கேலி பண்ணியிருப்பாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ தீபாவளி வந்துபோனது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நீ இலையை எடுத்ததில்லை. இலையில் வைப்பதைத்தான் மாற்றினாய். எனக்கு அது தெரியும்டா. தெரிந்தும் உன் வீட்டையே விட்டுவிடப் பார்த்தேன்.

நிபந்தனையைக் கடைசியிலிருந்து எடுத்து வரியின் முன்பக்கம் வைத்தேன். துக்க வீடென்றால் மீன், இல்லையென்றால் கறி. இப்போது எந்த வீடும் விடுபடாது, பங்கு மட்டும்தான் மாறும். நிரலை ஓட்டிப் பார்த்தேன். உன் வீடு அதன் இடத்திலேயே வந்து நின்றது. உன்னையே பார்த்த மாதிரி இருந்தது.

நாளைக் காலையில் சுங்கை செம்பிலாங் போகிறேன். இப்போதுதான் உன் மனைவிக்குப் போன் போட்டு, வீட்டில் புளி இருக்கிறதா என்று கேட்டேன். அடுப்படியில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “இருக்குண்ணே” என்றாள்.