மீன்தொட்டிக்குத் தோணிப் பூச்சு

12.8.1962, ஞாயிறு
கிளிநொச்சி

மீன்தொட்டி இன்றைக்கும் ஒழுகுது. மாற்றலாகிப் போன இன்ஜினியர் வீட்டிலிருந்து பழசாக வாங்கி வந்த கண்ணாடித் தொட்டி. பிள்ளை தவறின பிறகு மனுசி ஆசையாக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

காலமை அவளின் தமையன் முல்லைத்தீவிலிருந்து வந்தார். தோணிக்காரர். “இதுக்கேன் யோசிக்கிறீர் மச்சான்? குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசினால் சொட்டும் கசியாது” என்றார். தோணிக்குப் பூசுற மாதிரியே வெளிப்பக்கம் மூலைமூலையாகப் பூசினோம். தண்ணி நிரப்பிவிட்டு அவர் பஸ் ஏறினதுதான் தாமதம், பூச்சு பிதுங்கிக் கழன்று விழுந்துது. தோணிக்குத் தண்ணி வெளியில. தொட்டிக்கு உள்ளுக்கெல்லோ! எங்கள் இரண்டு தடியன்களுக்கும் அது மூளையில் ஓடவில்லை. உள்ளுக்குப் பூசுவமென்றால் எண்ணெய் மிதந்து மீன் செத்துப்போகும்.

“சரி விடுங்கோ, பானைக்குள்ள இருக்கட்டும்” என்றுவிட்டு மீன்களை மண்பானைக்கு மாற்றினாள். என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பானைக்குள் என்ன தெரியப்போகுது? ஆனாலும் குசினி அடுப்படியில் லாம்பைப் பிடித்தபடி இன்னும் குனிந்துகொண்டே நிற்கிறாள். படுக்கப் பாயை விரித்துவிட்டு நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.