சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

புதன், இரவு

பீளமேட்டுக் கல்லூரி மைதானத்தில் புல் வெட்டும் வண்டி இன்றைக்கும் நின்று நின்று போனது. அண்ணன்தான் அதை ஓட்டுகிறவர். பழுது பார்ப்பது நான். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன், பிளக்கைத் துடைத்தேன். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். மேட்டில் ஒரு குலுக்கல், இன்ஜின் அணைந்துவிட்டது.

"எறங்குங்ணா, நான் ஓட்டிப் பாக்கறனுங்க."

எனக்கு நிற்கவே இல்லை. மைதானத்தையே சுற்றி வந்தேன். திரும்பும்போது புரிந்துவிட்டது. ஓட்டுகிறவர் விழுந்துவிட்டால் பிளேடு நிற்க வேண்டும் என்று சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. மேலே எடை அழுத்தாவிட்டால் இன்ஜினை நிறுத்திவிடும். சுவிட்சில் பழுதே இல்லை. அண்ணன் அவ்வளவு இளைத்துவிட்டார். தினமும் கூடவே இருக்கிற எனக்குத்தான் தெரியவில்லை.

"அந்த ஒயரை டைரக்டா சேத்துப்போடு கண்ணு, ஓடட்டும்" என்றார்.

"அதெல்லாம் ஆவாதுங்ணா. நாளைக்கு லீவு போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"எனக்கென்ன, நல்லாத்தான இருக்கறேன்."

ஷெட்டுக்குள் வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஆணி பிடுங்கிக்கொண்டு சட்டை தரையில் விழுந்தது. பைகளிலிருந்து நட்டும் போல்ட்டும் உருண்டன. எல்லாம் என் டப்பாவிலிருந்து காணாமல் போன கனமான இரும்புச் சாமான்கள்.

எடை குறைவது அவருக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. குனிந்து பொறுக்கினேன். அவரும் பொறுக்கினார்.