உன் பெயரில் விருது, என் இடுப்பில் பிள்ளை

சனிக்கிழமை, மாவு பிசைகிற நாள். மைதாவில் உப்பும் மஞ்சள்பொடியும் போட்டு, வெந்நீர் விட்டு, நல்லெண்ணெய் தொட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை பிள்ளைகள் உருட்டி விளையாட வேண்டுமே. ஈர மஞ்சள் வாசனை எழும்பியதும் எதிர்ப்பக்கம் நீ உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் காலி நாற்காலி. சரி, உன்னிடம் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கையைக் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன சனிக்கிழமையும் இப்படித்தான் பிசைந்துகொண்டிருந்தேன். பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை. போனில் மெயில் வந்த சத்தம் கேட்டது. மாதா மாதம் வருமே, மழலைக் கல்விக்காரர்களுக்கான அந்தச் செய்திமடல். என் பெயரையும் அதில் சேர்த்துவிட்டவள் நீதான். புறங்கையால் திரையைத் தள்ளினேன். முதல் செய்தியே நீ.

உன் பெயரில் விருதாம். சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிற ஆசிரியைக்கு, வருஷத்துக்கு ஒருவருக்கு. பக்கத்தில் உன் போட்டோ, அந்த மாம்பழ நிறப் புடவையில் சிரித்துக்கொண்டு. நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு எரிந்தது. செத்த பிறகும் முதல் செய்தி நீதானா என்று மாவை ஓங்கி ஒரு குத்து விட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உயிரோடு இருந்தபோதே மறைக்க முடிந்ததில்லை.

அந்தச் செய்திமடலை நாம் படித்த விதம் நினைவிருக்கிறதா? உன் கை இரண்டும் மாவில் இருக்கும், அதனால் நான்தான் வாசிக்க வேண்டும். மைசூரில் உதவிப் பேராசிரியர் வேலை காலி. கொழும்பில் கருத்தரங்கு. குழந்தைகளின் விளையாட்டைப் பற்றிக் கட்டுரை அனுப்பலாம். ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு மாதப் பயிற்சி, போகவர டிக்கெட்டும் அவர்களே. நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போவேன். நீ திடீரென்று, "நிறுத்து நிறுத்து, அது நமக்குத்தான்டி" என்பாய். எப்போதும் 'நமக்கு'தான். விண்ணப்பம் போடுகிறவரை நாம் இரண்டு பேர். பதில் வரும்போது நீ ஒருத்தி. எனக்கு வந்த பதில்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. மிகுந்த ஆர்வத்துடன் பரிசீலித்தோம், எனினும். அந்த 'எனினும்' வரை வாசித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன். நீ ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டாய். உன் மோர் பாட்டிலை மேஜையில் என் பக்கம் தள்ளுவாய்.

"வயிறு எரியுதா? மோர் குடி."

குடிப்பேன். என்ன செய்வது, நீ தாளித்த மோர் நன்றாகத்தான் இருக்கும்.

கொழும்புக்குப் போக உனக்குப் பெட்டி வாங்க தி.நகருக்கு வந்தவளும் நான்தான். உனக்குப் பேரம் பேச வராது. கடைக்காரரோடு மல்லுக்கட்டியது நான். சக்கரம் உருள்கிறதா, ஜிப் சிக்குகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்ததும் நான். அவர் என்னைப் பார்த்து, "அக்கா எந்த ஊருக்குப் போறீங்க?" என்றார். "நான் எங்கயும் போகலப்பா. இந்தம்மாதான் போறாங்க" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு ஒன்றும் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்தபோது எனக்கு டீத்தூள் வாங்கி வந்தாய். உசத்தியான டீத்தூள்தான். அந்தப் பாக்கெட் தீருகிறவரை குடிக்கும்போதெல்லாம் கொழும்பு ஞாபகம் வந்து தொலைத்தது.

உனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஜூன் மாதம், பள்ளி திறக்கிற நாள். மந்தைவெளியில் நம் பள்ளிக்கூடச் சந்து முழுக்க அன்றைக்கு அழுகைச் சத்தம்தான். அம்மாவின் புடவையைப் பிடித்த பிடி விடாத பிள்ளைகள், அவர்களோடு சேர்ந்து அழுகிற அம்மாக்கள். நான் நேரே போய்ப் பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். நீயோ தூக்கவே மாட்டாய். அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மஞ்சள் மாவை உருட்டிக்கொண்டிருப்பாய். முதலில் பாம்பு வரும், பிறகு இட்லி, பிறகு ஆட்டோ. அழுகை விசும்பலாகும். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கை நீண்டு உன் ஆட்டோவின் சக்கரத்தைப் பிய்க்கும். அதோடு அந்தப் பிள்ளை உன் பிள்ளை.

ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து மீன் விற்கிற ஓர் அம்மா உன்னோடு சண்டைக்கே வந்தாரே. "இன்னா டீச்சர், புள்ள இப்டி அழுதுகினு கீது, நீ பாட்டுக்கு மாவ உருட்டிகினு குந்திகினு கீற? அந்த டீச்சரு எப்டித் தூக்கிக்கினு போறாங்க பாரு!" அன்றைக்கு எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அதே அம்மா, "மாவு டீச்சரு, மாவு டீச்சருன்னு வூட்ல உசுர வாங்குது இது" என்று சொல்லிக்கொண்டே உனக்கு வறுத்த நெத்திலி கொண்டுவந்தார். நீ எனக்கும் பங்கு வைத்தாய். ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

அந்த மாவு உருட்டலைக் கட்டுரையாக எழுதினாய். மேடை ஏறிச் செய்து காட்டினாய். அடையாற்றில் ஒரு கருத்தரங்கில் பெரிய பெரிய பேராசிரியர்கள் பட்டுப்புடவையும் கோட்டுமாகத் தரையில் உட்கார்ந்து பாம்பு உருட்டினார்கள். அந்த மாவைப் பிசைந்து டப்பாவில் போட்டு பஸ்ஸில் தூக்கி வந்தவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவள் யாரென்று உனக்குத் தெரியும்.

என் முறையைப் பற்றி நீ சொன்னது ஒன்றே ஒன்று. "தூக்குறியே, தூக்குறதுக்கு முன்னாடி அதுகிட்ட கேட்டியா?" ஒவ்வொரு ஜூனிலும் இதே கேள்வி. "அழுற புள்ளகிட்ட பர்மிஷன் லெட்டரா வாங்க முடியும்?" என்று எரிந்து விழுவேன். "உன் இடுப்பு ஒருநாள் உன் மேலயே கேஸ் போடப்போவுது பாரு" என்பாய். போட்டுவிட்டது. இப்போது பெல்ட் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செய்தி வந்த அன்று மத்தியானமே, விருது கொடுக்கிற சங்கத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "மேடம், அவங்களோட இத்தனை வருஷம் கூடவே இருந்தது நீங்கதான். தேர்வுக் குழுவுல நீங்க உக்காரணும்." குழுவில் இருப்பவர்கள் விண்ணப்பம் போடக் கூடாதாம். அதாவது உன் விருதை வேறு யாருக்கோ எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. மறுபடியும் அடுத்தவர் பெட்டிக்கு ஜிப் இழுத்துப் பார்க்கிற வேலை.

"முடியாதும்மா. நான் அப்ளிகேஷன் போடுறேன்" என்றேன்.

"நீங்களா மேடம்?"

"ஏன், நான் போடக் கூடாதா?"

வைத்துவிட்டாள். எனக்கு மனசுக்குள் ஒரு குஷி. விண்ணப்பத்தோடு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். புதிதாக வந்த பிள்ளையை எப்படி உள்ளே சேர்த்துக்கொள்கிறோம் என்று காட்ட வேண்டும். ஒரே ஓட்டமாக எடுத்ததாக இருக்க வேண்டும், வெட்டக் கூடாது. எல்லாரும் உன்னைப்போல மாவு உருட்டித்தான் அனுப்புவார்கள். நான் தூக்கிக் காட்டப்போகிறேன் என்று முடிவு கட்டினேன். உன் பெயரில் இருக்கிற விருதை உன் முறைக்கு நேர் எதிரான முறையால் வாங்க வேண்டும். இந்த ஆசை என்னை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அந்தத் தைரியம் வந்ததற்கு நீயும் காரணம். ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரம். தலையணையிலிருந்து சரிந்து, கழுத்து மடங்கிப் படுத்திருந்தாய். நர்ஸ் பக்கத்தில் இல்லை. வழக்கம்போல அள்ளுவதற்குக் கையை நீட்டியவள், ஏனோ நின்றேன். "தூக்கட்டுமா?" என்று கேட்டேன்.

நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். "அடிப்பாவி, இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா? தூக்கு."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். எந்த ஜூன் மாதத்துப் பிள்ளையும் என் கையில் அவ்வளவு லேசாக இருந்ததில்லை. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, "நல்லாத்தான்டி இருக்கு" என்றாய். நம் இத்தனை வருஷச் சண்டையில் நான் ஜெயித்த ஒரே இடம் அது. சாட்சிக்கு ஒரு ஆள் இல்லை. மாவு டீச்சர் என்னைத் தூக்கச் சொன்னாள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

திங்கட்கிழமை வாசலில் ஒரு சின்னப் பெண், இரட்டைப் பின்னல், அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்து நின்றது. அதன் அம்மாவிடம் சம்மதம் வாங்கி, வீடியோ எடுக்கச் சொல்லி ஆபீஸ் ரூம் பெண்ணின் கையில் போனைக் கொடுத்தேன். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு போனேன், குனிந்தேன், கையை நீட்டினேன்.

"தூக்கட்டுமா?"

தானாக வந்துவிட்டது. நான் கேட்கவே இல்லை, வாய் கேட்டுவிட்டது. அந்தச் சின்னப் பெண் அழுகையை நிறுத்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கியது.

போட்டுப் பார்த்தேன். வீடியோ அருமையாக வந்திருந்தது. ஆனால் அந்தக் கேள்வி தெளிவாகக் கேட்கிறது. குரல் என்னுடையது, கேள்வி உன்னுடையது. உன்னை அறிந்தவர்கள்தானே குழுவில் உட்காரப்போகிறார்கள்? அந்த இடம் வந்ததும், "ஆகா, இது அவங்ககிட்ட கத்துக்கிட்டது" என்று தலையாட்டுவார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகிற பிள்ளைக்கா அன்று பஞ்சம்? இன்னொரு அம்மாவிடம் கேட்டு, இன்னொரு பையனிடம் போனேன். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் போனேன். அவன் எதிரில் குனிந்ததும் அதுவே மறுபடியும் வந்தது. அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வீடியோவையே நேற்று அனுப்பிவிட்டேன். வெட்டக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் வெட்டியிருப்பேனா, தெரியவில்லை. கிடைத்தால் உன் போட்டோவுக்கு மாலை போட்டு, அதன் ஓரத்தில் என்னை நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். அப்போதும் நடுவில் நீதான். கிடைக்காவிட்டால் அந்தப் பழைய 'எனினும்' வரும். எது வந்தாலும் என் வயிறு எரியத்தான் போகிறது. மோர் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளத்தான் நீ இல்லை.